முகம் புகைப்படத்துடன் ஒத்துப்போகிறதா?

காலை ஆறு மணி பதினெட்டு நிமிடத்துக்கு அழைப்பு இணைந்தது. திரையில் முதலில் தெரிந்தது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் ஊதா நாடா. கேமரா ஆடியபடி மேலே போனது. சாம்பல் நிறச் சீருடை, மூடிய காலர் பட்டன், மோவாய், பிறகு முழு முகம். முப்பத்தைந்து வயதிருக்கும். பின்னால் பேருந்தின் ஜன்னல், அதற்கு வெளியே இன்னும் சரியாக விடியாத வயல்.

நான் எதிர்பார்த்திருந்தது பதின்மூன்று வயதுச் சிறுமியை.

"பாப்பாகிட்ட போனைக் குடுங்கம்மா, அவளுக்குத்தான் பரீட்சை" என்றேன்.

"பாப்பா வீட்ல தூங்குதுங்க மேடம். கேள்வியை எங்கிட்டயே கேளுங்க. நான்தான் படிச்சேன்."

காது தவறாகக் கேட்கவில்லை. மீண்டும் சொல்லச் சொன்னேன். அதையே சொன்னார். குரலில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. முன்பதிவு செய்த நேரத்துக்கு வந்து நிற்கும் ஒருவரின் சாதாரணக் குரல்.

பதினோரு வருடம் கிருஷ்ணகிரியில் ஒரு நாளிதழின் உதவி ஆசிரியராக இருந்தேன். மாவட்டப் பக்கங்கள் குறைந்தபோது எங்களையும் குறைத்தார்கள். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து, இணையவழிப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலுக்குப் பாட ஆசிரியையாகச் சேர்ந்தேன். எனக்கு வகுப்பறை கிடையாது, கரும்பலகை கிடையாது. வரிசையில் வந்து விழும் விடைகள் மட்டும் உண்டு.

பாடம் நடக்கும் விதம் இது. ஓர் ஆண்டை எட்டு அலகுகளாகப் பிரித்திருப்பார்கள். வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றும் கலந்து வரும். ஒவ்வோர் அலகிலும் நான்கு பாடங்கள். பாடம் ஏழெட்டு நிமிடக் காணொலியோடு தொடங்கும். முதல்முறை பார்க்கும்போது அதை வேகமாக ஓட்ட முடியாது. முடிந்ததும் ஐந்து கேள்விகள். நான்கு சரியாக இருந்தால் அடுத்த பாடத்தின் பூட்டு திறக்கும். இல்லாவிட்டால் காணொலியை மறுபடி பார்க்க வேண்டும். அலகு முடிவில் எழுத்து வேலை ஒன்று, குரலைப் பதிவு செய்து அனுப்பும் விடை ஒன்று. இரண்டும் எனக்கு வரும். இரண்டு நாளில் மதிப்பெண்ணும் இரண்டு வரிக் கருத்தும் எழுதித் திருப்பிவிட வேண்டும்.

மாணவர் பெயருக்குப் பக்கத்தில் சேர்க்கைப் படிவத்தில் கொடுத்த சின்னப் புகைப்படமும் ஒரு வண்ணப் புள்ளியும் இருக்கும். பாடங்கள் நேரத்துக்கு முடிந்தால் பச்சை. ஒரு வாரம் பின்தங்கினால் மஞ்சள். இரண்டு வாரம் என்றால் சிவப்பு. மற்ற நான்கு பாடங்களிலும் இயந்திரமே திருத்திவிடும். சமூக அறிவியலில் சொந்த வாக்கியம் எழுத வேண்டியிருப்பதால், யாராவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்ற சந்தேகம் பள்ளிக்கு உண்டு. அதனால் ஆண்டின் கடைசியில் கேமரா முன்னால் பத்து நிமிட நேரடிப் பேச்சு. கேள்விகள் மூன்று. யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. மதிப்பெண் போடும் கட்டம் திறப்பதற்கு முன் ஆசிரியை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: முகம் புகைப்படத்துடன் ஒத்துப்போகிறதா? ஆம். இல்லை.

இந்த மாணவியின் புள்ளி வருடம் முழுவதும் பச்சையாகவே இருந்தது. அவள் உள்ளே வந்த நேரங்களை நான் கவனித்திருந்தேன். காலை ஐந்து ஐம்பதிலிருந்து ஆறு முப்பத்தைந்து வரை. பிற்பகல் மூன்று இருபதிலிருந்து நான்கு வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவும் இல்லை. ஒழுங்கான பிள்ளை என்று பள்ளியின் ஒருங்கிணைப்பாளரிடம்கூடச் சொன்னேன். கம்பெனிகளின் முதல் ஷிப்ட் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பும், எத்தனை மணிக்குத் திரும்பும் என்பது ஓசூரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"குரல் பதிவெல்லாம்?" என்று கேட்டேன்.

"நான் எழுதிக் குடுப்பேன், பாப்பா வாசிக்கும். என் குரல் வந்தா நீங்க எடுத்துக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு கேள்வி தெரியாதில்லீங்களா? அதான் நானே வந்துட்டேன். பாப்பா இந்த வீடியோ எதையும் பாத்ததில்ல."

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினார். "யாருக்கா, வீட்டுக்காரரா?"

"டீச்சரு."

"பாப்பாவோட டீச்சரா?"

"என்னோட டீச்சரு. சும்மா இரு."

"உனக்கெதுக்கு இந்த வயசுல டீச்சரு? எட்டு முடிச்சா லைன் லீடரு, பத்து முடிச்சா கலெக்டரு, அப்படித்தானே?" பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. இன்னொரு குரல் கன்னடத்தில், "ஏனக்கா, பரீக்ஷேனா?" என்றது. அவர் திரும்பாமலே, "ஹௌது, பரீட்சைதான். சத்தம் போடாதீங்கடி" என்றார்.

பிறகு என்னிடம் சொன்னார். அவர் வேலை செய்யும் கம்பெனியில் ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்களில் எட்டாவது சான்றிதழ் வைத்திருப்பவர்களை இந்த வருடக் கடைசிக்குள் நேரடியாகக் கம்பெனி ஆளாக எடுக்கப் போகிறார்கள். அவர் படித்தது ஆறாவது வரை. மத்திகிரியில் ஒரு பிரவுசிங் சென்டரில் இந்தப் பள்ளியின் படிவத்தை நிரப்பியிருக்கிறார். அவருடைய பிறந்த தேதியைப் போட்டதும் சிவப்புக் கோடு விழுந்தது. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருப்பவர்களை மட்டும்தான் படிவம் ஏற்கும். கடைக்காரர் கேட்டிருக்கிறார்: "வீட்ல அந்த வயசுல யாராச்சும் இருக்காங்களாக்கா?" மகள் இருந்தாள், உத்தனப்பள்ளி அரசுப் பள்ளியில் எட்டாவது. மகளின் பெயர், மகளின் தேதி, மகளின் படம். கோடு மறைந்துவிட்டது.

"பேரு அதோட பேரு மேடம். படிப்பு என் படிப்பு. சீக்கிரம் கேளுங்க, ஆறே முக்காலுக்குள்ள கம்பெனி கேட்டு வந்துரும். போனை லாக்கர்ல வெச்சிரணும்."

நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்பதற்கு என்னிடம் இன்றுவரை சரியான காரணம் இல்லை. கேள்விகள் திரையில் இருந்தன, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

முதல் கேள்வி, ஜமீன்தாரி முறைக்கும் ரயத்துவாரி முறைக்கும் என்ன வேறுபாடு. "அதுல நடுவுல ஒருத்தர் வாங்கிக் கட்டுவாரு. இதுல உழுறவங்களே நேரா சர்க்காருக்குக் கட்டணும். மழை பெய்யலன்னாலும் கட்டணும், அதான் சிக்கல். நம்ம பக்கத்துலதான் மொதல்ல ஆரம்பிச்சாங்கன்னு வீடியோல வந்துச்சு."

இரண்டாவது, மக்கள் இடம்பெயர்வதற்கான காரணங்கள். "தள்ளுறது ஒண்ணு, இழுக்குறது ஒண்ணு. தண்ணியில்ல, பொழப்பில்லங்கறது தள்ளுறது. கம்பெனி, ஆசுபத்திரி, பள்ளிக்கூடம் இழுக்குறது. இந்த பஸ்ஸையே எடுத்துக்குங்க. முன்னாடி உக்காந்திருக்குற ரெண்டு பேரு திருவண்ணாமலை. இவ தர்மபுரி. பின்னாடி கத்துறவ கர்நாடகத்து ஆனேக்கல்." ஆனேக்கல் பெண் என்னவோ சொல்ல, இவர் கையை ஆட்டி அடக்கினார்.

மூன்றாவது, உரிமையின் அடிப்படையில் தொழிலகங்களின் வகைகள். பொதுத்துறை, தனியார், கூட்டு என்று மூன்று சொல்லி நான்காவதில் நின்றுவிட்டார். உதடு அசைந்தது. தர்மபுரிப் பெண், "ஆவின், ஆவின்" என்று கிசுகிசுத்தார். "சொல்லிக் குடுக்காத. கூட்டுறவு. மேடம், இது எனக்கே வந்துருச்சு, அவ சொன்னதால இல்ல" என்றார். பேருந்து நின்றது. "கேட்டு வந்துருச்சு மேடம், வெச்சிர்றேன்."

மூன்று கேள்விக்கும் முழு மதிப்பெண் போடலாம், கட்டம் திறந்தால். திரையில் ஆம், இல்லை என்ற அந்த இரண்டு சொற்களும் அப்படியே இருந்தன. மாலை ஆறு மணிக்குள் ஒன்றை அழுத்தியாக வேண்டும்.

அவருடைய ஆண்டு முழுவதற்குமான எழுத்து வேலைகளைத் திறந்தேன். படித்தது அவருடைய விடைகளை அல்ல, கீழே நான் எழுதிவைத்த கருத்துகளை. "நல்ல முயற்சி கண்ணு." "பெரியவர்களைப் போல யோசிக்கிறாய்." "வரைபடத்துக்கு வண்ணம் தீட்ட மறந்துவிட்டாய், அடுத்த முறை அம்மாவிடம் காட்டிவிட்டு அனுப்பு." நாற்காலியை விட்டு எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஐந்தாவது அலகில் ஒரு வேலை உண்டு: உன் வீட்டில் வேலைக்குப் போகும் ஒருவரைப் பேட்டி எடு. மாணவி தன் அம்மாவைப் பேட்டி எடுத்திருந்தாள். ஆறு கேள்வி, ஆறு பதில். கீழே நான் எழுதியிருந்தேன்: "உன் அம்மாவின் பதில்கள் சுருக்கமாக இருக்கின்றன. அவரிடம் இன்னும் கொஞ்சம் பேசிப் பார்."

நான்கு நாள் கழித்து அவர் மறுபடி அனுப்பியிருந்தார். இரண்டு கேள்விகள் கூடியிருந்தன.

கேள்வி: படிப்பை ஏன் நிறுத்தினீர்கள்?

பதில்: வயதுக்கு வந்ததும் நிறுத்தினார்கள்.

கேள்வி: அது உங்களுக்கு வருத்தமாக இருந்ததா?

பதில்: இதை யாரும் கேட்டதில்லை.

இருபதுக்கு இருபது போட்டு, ஒரு நட்சத்திரமும் ஒட்டியிருந்தேன். பேட்டி எடுப்பது எப்படி என்று புதிதாக வந்த நிருபர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். பேட்டி எடுத்தவரும் கொடுத்தவரும் ஒருவரே என்பது அந்தத் தாளில் எனக்குத் தெரியவில்லை.

பிற்பகல் மூன்றரைக்கு அவரை அழைத்தேன். திரும்பும் பேருந்தில் இருந்தார். சான்றிதழ் வந்தாலும் அது மகளின் பெயரில், மகளின் பிறந்த தேதியோடுதான் வரும், கம்பெனியில் காட்ட முடியாது என்றேன்.

"சான்றிதழ் குடுக்கும்போது பேரை மாத்திக் குடுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா."

"ரேஷன் கார்டுல மாத்துறாங்களே."

"இது அப்படி இல்லீங்க."

"ஒரு வருஷம் மேடம்."

மாலைக்குள் ஆம், இல்லை இரண்டில் ஒன்றை நான் அழுத்தியாக வேண்டும் என்று சொன்னேன்.

"இல்லைன்னு அமுத்துனா என்னாகும்?"

"இன்னைக்குப் பேசினது மட்டும் ரத்தாகும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கும். பெரியவங்களுக்குத் தனியா ஏதாவது வழி உண்டான்னு பள்ளியில கேக்கறேன்."

அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். விதிகள் உள்ள பக்கத்தை நான் படித்துப் பார்த்திருக்கவில்லை. பத்திரிகையில் இருந்தவரை எதையும் மூலத்தோடு சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பியதில்லை.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது 'இல்லை' என்பதை அழுத்தினேன். திரை ஒருமுறை வெளுத்தது. பச்சைப் புள்ளி மறைந்தது. சமூக அறிவியல் பூஜ்யம். அதற்கு மேலே தமிழ் பூஜ்யம், ஆங்கிலம் பூஜ்யம், கணக்கு பூஜ்யம், அறிவியல் பூஜ்யம். ஐந்து பாடமும் ஒரே நொடியில். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் மட்டும் சிவப்பில்: ஆள்மாறாட்டம். அதே சொல் குறுஞ்செய்தியாக அவருடைய போனுக்கும் போயிருக்கிறது. உத்தனப்பள்ளி நிறுத்தத்தில் இறங்கும்போது பார்த்தேன் என்று பிறகு சொன்னார். திரும்பப் பெறும் பொத்தான் எங்காவது இருக்கிறதா என்று அந்தப் பக்கம் முழுவதும் தேடினேன். இல்லை.

ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். வயதில் என்னைவிட இளையவர், பெங்களூரில் இருக்கிறார், மரியாதையாகப் பேசுவார்.

"விதி அதுதான் மேடம். ஒரு பாடத்துல ஆள்மாறாட்டம்னா எல்லாப் பாடமும் போயிரும்."

"யாருக்குப் பதிலா யார் வந்தாங்க? படிச்சவங்கதான் பேச வந்தாங்க."

"ஆனா பதிவு செஞ்ச மாணவி அவங்க இல்லையே மேடம்."

"அவங்க எழுதின விடையாவது கிடைக்குமா?"

"மாணவியோட பெற்றோர் எழுத்துமூலம் விண்ணப்பிச்சா நகல் அனுப்புவோம்."

அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். மகளின் பெற்றோர் என்ற முறையில் அவர் விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். எட்டு நாளில் நகல் வந்தது. எட்டு அலகு, என் கருத்துகளோடு, நட்சத்திரங்களோடு.

பெரியவர்களுக்கு அந்தப் பள்ளியில் வழி எதுவும் இல்லை. அரசு நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது. பள்ளிக்குப் போகாதவர்கள் நேரடியாக எழுதலாம், மேல் வயது வரம்பு இல்லை. வருடக் கடைசிக்கு முன் முடிவும் வந்துவிடும். இதை முதல் நாளே யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். பிரவுசிங் சென்டர்காரருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், என்னிடம் அவர் கேட்கவில்லை, நான் பேசிக்கொண்டிருந்தது ஒரு குழந்தையிடம் என்று நினைத்திருந்தேன். அன்று பேருந்தில் இருந்தவரை அழைத்துப் பேசியபோதும் அது நினைவுக்கு வரவில்லை. விண்ணப்பத்தை நானே உடன் இருந்து நிரப்பினேன். இந்த முறை அவருடைய பெயர், அவருடைய பிறந்த தேதி. கோடு எதுவும் விழவில்லை. திட்டுவார் என்று அன்று முழுவதும் காத்திருந்தேன். "அந்த ஆனேக்கல்காரியும் எழுதறேங்கறா மேடம், அவளுக்குத் தமிழ் எழுத வராது, என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்து மாதம் கழித்துக் கிருஷ்ணகிரியில் தேர்வு. ஒரு நாளைக்கு ஒரு பாடம், ஐந்து நாள். கம்பெனி நான்கு நாள் விடுப்பு தந்தது. ஐந்தாவது நாளும் வராவிட்டால் ஒப்பந்தப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல் நான்கையும் எழுதினார். சமூக அறிவியல் ஐந்தாவது நாள், காலை பத்து மணிக்கு. அன்று அவர் முதல் ஷிப்டுக்குப் போனார்.