எந்தப் பக்கம் ஆபரேஷன்?

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். யாருக்கு டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் நான்தான் படித்து விளக்கம் சொல்ல வேண்டும். எனக்கென்று ஒரு ஆபரேஷன் வந்தபோது மட்டும், குடலிறக்கத்துக்கு எங்கள் ஊரில் சொல்கிற "எரனியா" என்ற ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு மனைவியோடு தஞ்சாவூர் பஸ் ஏறிவிட்டேன்.

உண்மை வேறு. பத்தாவது படிக்கையில் பொன்னுக்குவீங்கி வந்து, கன்னத்தோடு விதைகளும் வீங்கிப்போயின. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துப் பரிசோதித்தால் என் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. "விதைக்குள்ள எங்கயாவது ஒளிஞ்சிருக்கலாம். ஊசியால உறிஞ்சிப் பார்ப்போம். வரலைன்னா சின்னதா கீறி, மைக்ரோஸ்கோப் வச்சுத் தேடுவோம்" என்றார் டாக்டர். கிடைத்தால் உறைய வைத்து, பிறகு மனைவியின் கருமுட்டைக்குள் செலுத்தலாம். கிடைக்காவிட்டால் எங்கள் இருவருக்குமான பிள்ளை என்ற பேச்சே இல்லை. விடுமுறை முடிந்து நான் சிங்கப்பூர் வேலைக்குத் திரும்புவதற்குள் தெரிந்தாக வேண்டும். கல்யாண வீடுகளில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வியை இத்தனை நாளும் வாங்கிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

ஊசியில் ஒன்றும் வரவில்லை. கீறினார்கள். எடுத்த துணுக்குகள் லேபுக்குப் போயின. இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் அறையில் படுத்திருந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள் மனைவி.

கதவைத் திறந்துகொண்டு வந்தவர் திருக்காட்டுப்பள்ளி மாமா, என் அம்மாவின் அண்ணன். கையில் பிரட்டும் சாத்துக்குடியும். அவருக்கே எரனியா ஆபரேஷன் ஆனது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எந்தப் பக்கம் மாப்ள?"

"வலது" என்றேன். அதே மூச்சில் "இடது" என்றாள் மனைவி.

"ரெண்டு பக்கமுமா! வலை வச்சாங்களா? எனக்கு வச்சது, நெல்லு மூட்டையத் தூக்குனாலும் அசையாது. எங்க, தையலைக் காட்டு."

அவர் போர்வையை இழுக்க, நான் பிடித்துக்கொள்ள, மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அந்த நேரத்தில் நர்ஸ் ஓடிவந்தார்.

"சார், லேப்ல சொன்னாங்க. கிடைச்சிருச்சாம்! உயிரோட இருக்காம்!"

மாமா போர்வையை விட்டுவிட்டார். "உயிரோடயா? உள்ள என்னத்தடா வச்சிருந்த?"

அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப இத்தனை நாளும் ஒன்னையப் போயி நாங்க…" என்று என் மனைவியைப் பார்த்து ஆரம்பித்த மாமா, முடிக்காமல் என் பக்கம் திரும்பினார். "இதுக்குப் போயி எரனியாங்கறதா? எங்க ஆபரேஷனுக்கு ஒரு மரியாதை வேணாமாடா?"

மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இன்னும் எவ்வளவோ இருக்கு பெரியப்பா. இப்பத்தான் முதல் படி."

"இருக்கட்டும்மா. மொதல்ல நீ சாப்பிடு." சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாக அவள் கையில் வைத்தார்.

"எனக்கு மாமா?"

"ஒனக்குத்தான் எரனியா ஆச்சே. பிரட்டைத் தின்னு."