மாமா கேட்ட மருத்துவ அட்டை

எண்பதுகளின் நடுவில், பினாங்கில் ஒரு பல்கலைக்கழக கிளினிக்கில் நான் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்தபோது நடந்தது இது. கம்ப்யூட்டர் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத காலம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு அட்டை உண்டு. என்ன நோய், என்ன மருந்து என்று டாக்டர் எல்லாவற்றையும் அதில்தான் எழுதுவார். அட்டைகள் இருந்த அலமாரியின் சாவி என்னிடம். மாணவர்கள் வர வர அட்டைகளை எடுத்து வரிசையாகக் கவுண்டரில் அடுக்கி வைப்பேன். டாக்டர் உள்ளேயிருந்து மணி அடித்தால் மேலே இருக்கும் அட்டையை எடுத்து, பெயரை உரக்கக் கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். அப்போது எங்கேயும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாருக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை.

அந்தச் சமயத்தில் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டில் அண்ணனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈப்போவிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பொருத்தம் நன்றாக இருந்தது, குடும்பமும் நல்ல குடும்பம். பெண் நான் வேலை செய்த அதே பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் படிக்கிறாள் என்றார்கள். அம்மா படத்தைக் கையில் கொடுத்ததும் எனக்குத் திக்கென்றது. பட்டுப் புடவையும் நகையுமாக நின்றால் மட்டும் முகம் மாறிவிடுமா? மாதம் தவறாமல் கிளினிக்குக்கு வந்து மாத்திரை வாங்கிப் போகும் பெண் அவள்.

என்ன நோய் என்று இங்கே எழுத மாட்டேன். அன்றைக்குச் சொல்லாதவள் இன்றைக்குப் பத்திரிகையில் சொல்வேனா? மாத்திரை போட்டால் அடங்கியிருக்கும், ஆனால் பெயரைக் கேட்டாலே நம் ஆட்கள் சம்பந்தமே வேண்டாம் என்று ஓடுவார்கள். அப்படிப்பட்ட ஒன்று என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"நீ வேல செய்ற எடந்தானே. அந்தப் புள்ள கார்டப் பாத்து, ஒடம்புல ஏதும் கோளாறு இருக்கான்னு சொல்லு" என்றார் அம்மா.

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா."

"ஊரான் கேட்டா சொல்லாத. நாம என்ன ஊரானா?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. பெண் எடுக்கும் முன் கோயிலில், வேலை இடத்தில், பக்கத்து வீட்டில் என்று நாலு பேரிடம் விசாரிப்பது நம் வழக்கம். விசாரிக்காமல் விட்டால்தான் பொறுப்பில்லாத குடும்பம் என்பார்கள். அதோடு, அப்பா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு பட்டர்வொர்த்தில் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவர் அண்ணன். சொல்லிவிடலாம் என்று பல தடவை வாய்வரை வந்தது. சொன்னால் அந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சு ஈப்போ வரைக்கும் போய்விடும். ஒன்றுமில்லை என்று பொய் சொன்னால் அண்ணனுக்குத் துரோகம். எப்படித் திரும்பினாலும் இடித்தது. "நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் பிடிவாதமாக நின்றேன். அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

விஷயம் மாமா காதுக்குப் போனது. அம்மாவின் தம்பி. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமும் அவர் மூக்கை நுழைக்காமல் நடந்ததில்லை. காது கொஞ்சம் மந்தம், அதனால் ரகசியத்தைக்கூட மைக் வைத்த மாதிரிதான் பேசுவார். அவருடைய கடைசி மகனும் எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் படித்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலை, பரீட்சை நேரம். பெஞ்சு முழுக்கக் காய்ச்சலும் தலைவலியுமாக மாணவர்கள். வெளுத்த ஜீன்ஸும் தூக்கிக் கட்டிய முடியுமாக அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். அடுத்தது அவள் முறை. அவளுடைய அட்டை அடுக்கின் மேலே, பட்டையான எழுத்தில் பெயரோடு கிடந்தது. அந்த நேரம் பார்த்து மாமா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

நேராகக் கவுண்டருக்கு வந்து, அந்தப் பெண்ணின் பெயரையும் அவள் அப்பா பெயரையும் சொல்லி, "ஈப்போ புள்ள. அது கார்ட எடு, நா ஒரு பார்வ பாத்துக்கிறேன்" என்றார்.

பெஞ்சில் அவள் தலை சட்டென்று நிமிர்ந்தது. மாமாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. முழங்கையை அந்த அட்டையின் மேல் ஊன்றிக்கொண்டேன்.

"மாமா, இங்க இதெல்லாம் கேக்கக் கூடாது. வீட்டுக்குப் போங்க."

"நம்ம பையன் வாழ்க்கலா. ஒரு நிமிஷ வேல." பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

உள்ளே மணி அடித்தது. பெயரைக் கூப்பிட்டால் மாமா திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான், முடிந்தது கதை. வேறு ஒருவரைக் கூப்பிட முழங்கையை எடுத்தால் கீழே பெயர் தெரியும். "மணி அடிக்குதுல்ல, கூப்புடு. நா நிக்கிறேன்" என்றார் மாமா. மறுபடி மணி அடித்தது, கொஞ்சம் கோபமாகவே.

அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கவுண்டரை விட்டு வெளியே வந்தேன். அவளுக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்று, தோளைத் தொட்டு, மலாயில், டாக்டர் கூப்பிடுகிறார் வா என்று மட்டும் சொன்னேன். அவள் எழுந்தாள். கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டேன்.

திரும்பி வந்தால் மாமா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முதுகை மட்டும்தான் பார்த்திருப்பார். "நம்ம தமிழ்ப் புள்ளயாட்டம் இருக்கு. எந்த ஊரு?"

"இங்க வர்றவங்க யாரு எவருன்னு நா யார்கிட்டயும் சொல்றதில்ல மாமா."

அவர் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி, புரிஞ்சிருச்சி. ஈப்போ புள்ளைக்கு என்னமோ இருக்கு. ஒண்ணுமில்லன்னா இல்லன்னு சொல்லியிருப்பல்ல?"

இத்தனை நாள் நான் பயந்தது இதற்குத்தான். என் மௌனமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் போலிருந்தது. எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ தெரியவில்லை.

"மாமா, ஒங்க மகன் கார்டும் இந்த அலமாரியிலதான் இருக்கு. நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா, அவனப் பத்தியும் நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மாமாவின் முகம் மாறியது. முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "ஏன், அவனுக்கு என்ன?"

"பாத்தீங்களா? சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். அதுக்கே ஒங்களுக்கு வயித்தக் கலக்குது."

அவர், "ரொம்பப் படிச்சிட்டலா நீ" என்று முனகிக்கொண்டே வெளியே போனார். நான் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

மாத்திரை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் என் கவுண்டருக்கு வந்தாள். "அக்கா, அவரு யாரு?"

"எங்க மாமா."

"அப்ப மாப்பிள்ள?"

"எங்கண்ணன்." அவள் கண் கலங்குவதைப் பார்த்து, "நா யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன்" என்றேன்.

"நானே சொல்றேன்னுதான் இருந்தேன்க்கா. வீட்லதான் விடல. அவரோட பேச வழி பண்ணுவீங்களா?"

அன்று சாயங்காலம் அண்ணனிடம், அந்தப் பெண் உங்களோடு தனியாகப் பேச வேண்டுமாம் என்று மட்டும் சொன்னேன். சனிக்கிழமை இருவரும் ஃபெர்ரித் துறையில் சந்தித்தார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார். "ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"நீ என் தங்கச்சியா, இல்ல அவளுக்கு வக்கீலா?"

அண்ணன் அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பல மாதங்கள் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. எனக்காகப் படிப்பை விட்டவருக்கு நான் செய்த கைம்மாறு இதுதானா என்று குளியலறையில் அழுதிருக்கிறேன்.

அடுத்த மாதம் அவள் மாத்திரைக்கு வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அவளே ஆரம்பித்தாள். "வேணாம்னுட்டாருக்கா."

"தெரியும்மா. மன்னிச்சிரு."

"இதுக்கு முந்தி ரெண்டு எடம் வந்துச்சி. ஈப்போல யார்கிட்டயோ விசாரிச்சிட்டு, ஒரு வார்த்த சொல்லாமலே நிறுத்திட்டாங்க. ஒங்கண்ணன் நா சொன்னத முழுசாக் கேட்டாரு. என் மூஞ்சியப் பாத்துத்தான் வேணாம்னு சொன்னாரு. எனக்கு அது போதும்."

அவள் நோய் அவளுடையது, அதை யாரிடம் எப்போது சொல்வது என்பதும் அவளுடையதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அண்ணன் கேட்ட அந்தக் கேள்வி இன்றும் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது, ஆனாலும் மறுபடி அதே கவுண்டரில் உட்கார வைத்தால் அதையேதான் செய்வேன்.