கோர்பினியனுக்குப் பின்னால் நடந்தவர்கள்

டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் ஆல்ட்டன்வேர்ட்டை ‘காலம் தீண்டாத அமைதியான ஊர்’ என்று சுற்றுலாக் கப்பல்காரர்கள் விளம்பரம் செய்கிறார்கள். அமைதியாக இல்லாமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடம் பொம்மைக் கடையாகிவிட்டது. கறிக்கடை இருந்த இடத்தில் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் விற்கிறார்கள்.

அஃப்ராவின் வீடு கடைத்தெருவில், கோட்டை வாசலை ஒட்டி இருந்தது. அவள் உருளைக்கிழங்கு உரித்தால் அதையும் சன்னல் வழியாகப் படம் பிடிப்பார்கள். ஒருநாள் ஒருவன் நேரே சமையலறைக்குள் நுழைந்து கழிப்பறை எங்கே என்று கேட்டான். அஃப்ரா ஆற்றைக் கைகாட்டினாள்.

அவள் கணவன் கோர்பினியன் படகுத்துறையைக் கூட்டுகிறவன். ஊரில் எவர் செத்தாலும் சவ ஊர்வலத்தின் முன்னால் சிலுவை தூக்கி நடப்பவனும் அவன்தான். மழை, பனி என்று ஒருமுறைகூட அவன் சாக்குச் சொன்னதில்லை. கடைகளைச் சாத்திவிட்டு ஊரே பின்னால் நடக்கும். அடக்கம் முடிந்ததும் செத்தவர் வீட்டுச் செலவில் விடுதியில் சாப்பிடும். அதுதான் வழக்கம்.

கோர்பினியன் செத்தான். செவ்வாய்க்கிழமை காலை அடக்கம் என்று முடிவானது. ரொட்டிக்கடை ஊர்பன் கேக்கோடு துக்கம் கேட்க வந்தான். கேக்கை வைத்த கையோடு, செவ்வாய் கப்பல் வருகிற நாள், வியாழனுக்கு மாற்றிக்கொண்டால் எல்லோருக்கும் வசதி என்று இழுத்தான்.

“உசுரோட இருந்தவரைக்கும் கப்பலுக்கு ஒதுங்கித்தான் நடந்தாரு. அன்னைக்கு ஒருநாள் அது ஒதுங்கட்டும்,” என்றாள் அஃப்ரா.

“சரி விடு அஃப்ரா. நாங்க வராம இருப்போமா?”

அவளுக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். தன் புருஷன் பின்னால் ஊர் நடக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை தேவாலய மணி அடித்தது. முன்னால் பாதிரியார், பிறகு ஊர் வழக்கப்படி பெட்டி சுமந்த தீயணைப்புப் படையினர், பின்னால் அஃப்ரா. கடைத்தெருவில் ஒரு கதவும் மூடவில்லை. ஊர்பன் அவளைக் கண்டதும் ரொட்டித் தட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

ஆனால் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினாள். வழிகாட்டியின் பேச்சைக் கேட்கக் காதில் கருவி மாட்டிய கப்பல் கூட்டம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. படம் பிடித்த ஒருவனின் கையை அவன் மனைவி தட்டிவிட்டாள். வழிகாட்டிப் பெண் மஞ்சள் குடையை ஆட்டியபடி, இது பயணத் திட்டத்தில் இல்லை என்று கெஞ்சிக்கொண்டே ஓடி வந்தாள். யாரும் அவளைச் சட்டை செய்யவில்லை. கல்லறையில் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள்.

அஃப்ரா முதலில் நின்ற கிழவியின் கையைப் பிடித்து, சாப்பிட வரும்படி சைகை காட்டினாள். மொத்தக் கூட்டத்தையும் விடுதிக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, மாட்டிறைச்சி சூப்பும் பீரும் பரிமாறச் சொன்னாள்.

கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை. விற்பதற்கு ஆளில்லாமல் போனபிறகு ஊர்க்காரர்களுக்குத் துக்கம் ஞாபகம் வந்தது. கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு விடுதிக்கு வந்தார்கள். ஊர்பன் வாசலில் நின்று, எல்லா நாற்காலியிலும் ஆள் இருப்பதைப் பார்த்து, தங்களுக்கு எங்கே இடம் என்று கேட்டான்.

“பின்னால நடந்தவங்களுக்குத்தான் சாப்பாடு,” என்றாள் அஃப்ரா. “நீ போய்க் கடையப் பாரு ஊர்பன். கப்பல் வந்திருக்கு.”