காயவைத்துக் காட்டிய புண்

பல்கலைக்கழகம் போகும் பேருந்தில்தான் அது உறைத்தது. நாகமலைப் பக்கம் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டது. இடது இடுப்பில் ஏதோ வெதுவெதுப்பாக வடிந்து கால்சட்டை நனைந்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன தம்பி, கருவாடு கட்டிட்டு வாரீகளா?"

கூசிப்போனேன். ஆனால் சில நாட்களாகக் குடைந்துகொண்டிருந்த வலி அந்த நிமிடமே பாதியாகிவிட்டது. வடிந்தால் குறைகிறது; மூடினால் ஏறுகிறது. அப்படியென்றால் ஆபரேஷன் தழும்போரம் அடிக்கடி வந்து உடையும் கட்டியும், உள்ளே வைத்திருக்கும் செயற்கை மூட்டும் வேறுவேறல்ல!

கீழே விழுந்ததில் என் தொடையெலும்பின் தலை ரத்தம் ஓடாமல் நொறுங்கியது. செயற்கை மூட்டு வைத்தார்கள்; பிடி தளர்ந்து ஆடிப்போனது. இன்னொன்று வைத்தார்கள், அதுவும் ஆடியது. மூன்றாவதற்கும் நாள் குறித்தாயிற்று. "சம்மணம் போட்டிருப்பே, அதான் மூட்டு ஆடிருச்சு" என்று வருகிறவர்களெல்லாம் தீர்ப்புச் சொன்னார்கள். போடவேயில்லை. கேட்டுக்கேட்டு வெறுத்துப்போனது.

கட்டி தையலால் வந்தது என்றே நினைத்திருந்தோம். மருத்துவரிடம் போகுமுன் அம்மா மஞ்சளும் வேப்பிலையும் பற்றுப் போட்டுக் காயவைத்து, பவுடரும் பூசிவிடுவார். இந்த முறை நான் துடைக்கக்கூட விடவில்லை.

"டாக்டர்ட்ட இம்புட்டு நாத்தத்தோடயா போவாக?"

"நாத்தத்தைத்தாம்மா காட்டணும்."

துணியை விலக்கியதும் மருத்துவரின் முகம் மாறியது. கட்டி உடைந்த துளைக்குள் சாயமருந்து (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) செலுத்திப் படமெடுத்தார். வெள்ளைக் கோடு நேராக மூட்டுக்குள் இறங்கியிருந்தது.

"எத்தனை நாளா இருக்கு தம்பி?"

"முதல் ஆபரேஷன்லருந்து சார். இங்க வாரன்னிக்கு மட்டும் காஞ்சிருக்கும். நீங்களும் கேக்கலை."

"ஆமா, கேக்கலை" என்றார்.

சிமெண்ட் (மூட்டை எலும்போடு பிடித்துவைக்கும் பசை) விட்டுப்போயும் மூட்டு ஆடலாம், தேய்ந்தும் ஆடலாம். என்னுடையதில் கிருமி உலோகத்தில் அப்பிக்கொண்டு எலும்பைத் தின்றிருக்கிறது. அந்தச் சீழ்ப்பள்ளத்திலேயே இரண்டாவதை நட்டார்கள். மூன்றாவதையும் அங்கேயே நடவிருந்தார்கள்.

உங்கள் தழும்பு கசிந்தால் தயவுசெய்து சுத்தப்படுத்திக்கொண்டு போகாதீர்கள். கசிகிறபடியே காட்டுங்கள்.

திங்கட்கிழமை உலோகம், சிமெண்ட் எல்லாவற்றையும் எடுக்கிறார்கள். புதிது வைக்கப்போவதில்லை. மூட்டே இல்லாமல், தசையில் தொங்கும் குட்டைக் காலோடு, கட்டை ஊன்றி நடக்க வேண்டும். எத்தனை மாதம் என்று கேட்டேன்.

"உன் பரீட்சைக்குத் தேதி இருக்கு தம்பி. சீழுக்கு இல்ல."

ஆறிய பிறகு ஊசி போட்டு உள்ளிருந்து நீர் எடுப்பார்கள். அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். வளராவிட்டால்தான் மூன்றாவது மூட்டு.