ஆதொண்டைப் புதருக்கு வந்த ஆத்தா

சூடாமணி டீச்சருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயிலும் இல்லை, சினிமாவும் இல்லை. அவனியாபுரம் கண்மாய்க்கரைதான். அங்கே ஓர் ஆதொண்டைப் புதர், முள்ளும் கொடியுமாக ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அதன் இலைகளில் வண்ணத்துப்பூச்சி எத்தனை முட்டை வைத்தது, எத்தனை புழு பிழைத்தது என்று எண்ணிப் பார்த்து, சென்னையில் இருந்த இயற்கை ஆர்வலர் சங்கத்துக்குக் கார்டு போடுவார். சம்பளம் கிடையாது, ஒரு சபாஷ்கூடக் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் தொடங்கிய வேலை. கல்யாணம் பண்ணாதவள் புழு வளர்க்கப் போகிறாள் என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

கரையைச் சீர்படுத்த வந்தவர்கள் மற்ற ஆதொண்டைகளையெல்லாம் வெட்டிப்போட்ட பிறகு மிஞ்சியது இது ஒன்றுதான். இதுவும் போனால், வேறு செடியில் முட்டை வைக்காத அந்தப் பூச்சி அந்தக் கரைக்கே வராது. டீச்சருக்கு உயிரே அதில்தான் இருந்தது.

முட்டை இருக்கும் கிளையை அடுத்த வாரம் அடையாளம் கண்டாக வேண்டுமே? சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் தறி ஓடியது. சாயம் போட்ட கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை. பச்சையில் பளிச்சென்று தெரியட்டும் என்று மஞ்சள் நூலாகப் பொறுக்கிக் கிளைக்குக் கிளை கட்டினார். மதுரையில் பிறந்து வளர்ந்தவருக்கு, செடியில் மஞ்சள் நூல் கட்டினால் என்ன நடக்கும் என்று தோன்றியிருக்க வேண்டாமா? புழுவைப் பார்த்த கண் ஊரைப் பார்க்கவில்லை.

எண்பத்தொன்று ஐப்பசியில், ஆடு மேய்க்கும் ஒச்சாயி புதருக்கு முன்னால் கும்பிட்டு நின்றாள்.

"யாரு கட்டுனதுன்னே தெரியல டீச்சரம்மா. ஆத்தா எறங்கிருக்கா. இனிமே இதுல ஆட்டை வாய் வைக்க விடுவேனா?"

சொல்ல வாயெடுத்த டீச்சர் மூடிக்கொண்டார். ஆட்டுக்குத் தப்பியதே, அது போதாதா? அந்த ஆசைதான் அவரைக் கவிழ்த்தது.

அடுத்த ஞாயிறு போனால் கரையெல்லாம் கூட்டம். புதர் முழுக்க மஞ்சள் நூலும் வளையலும் தொங்கின. ஊர்ப் பெரியவர் அழகுமலை, பருத்திக்கு மருந்தடிக்கும் டின்னைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, அடிக்காதீங்க! அந்தப் புழுவைப் பாக்கத்தான் நான் வாரேன். நூல் கட்டுனதே நான்தான்!"

கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் திரும்பியது. அடி விழும் என்றே டீச்சர் நினைத்தார். விழுந்திருந்தால் தேவலை. அழகுமலை டின்னை இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்களா தாயி? ஊர்ல இம்புட்டுப் பேர் இருக்க, ஆத்தா உங்க கையாலதான கட்ட வச்சிருக்கா!"

"ஐயோ, ஆத்தா இல்லண்ணே. அடையாளத்துக்குக் கட்டுனேன்."

"அவ செய்யுறது நமக்கு எங்க தெரியுது? சாமிச் செடியில புழு நெளியலாமா தாயி? விடியக்காலையிலயே ஒரு டின்னு அடிச்சாச்சு. இது ரெண்டாவது."

டீச்சர் குனிந்து பார்த்தார். பச்சைப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. அவற்றின் மேலேயே பெண்கள் பூப்போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒச்சாயி ஓடிவந்து அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். முதல் மாலை டீச்சருக்குத்தான் என்று அழகுமலை சொன்னார். யாரோ கழுத்தில் போட்டார்கள். கழற்றி எறியக்கூட அவருக்குத் தெம்பில்லை. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"அழுகுறாக பாருங்கடி, அருள் வந்துருச்சு!" என்று ஒருத்தி கத்தினாள். குலவை போட்டுக்கொண்டு எல்லோரும் அவர் காலில் விழுந்தார்கள்.