கொட்ரப்பாவும் கலங்கிய மஞ்சளும்

ராணிபென்னூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் அச்சுக்கடை வைத்திருக்கும் கொட்ரப்பாவுக்குத் தன்னைத் தவிர எல்லோர் மீதும் சந்தேகம். அச்சில் கறை விழுந்தால் மழை காரணம். எழுத்து மங்கினால் கரண்ட் காரணம். வேறு யாரும் அகப்படாவிட்டால் நான். டிசைன் போடுவதும் மெஷினை ஓட்டுவதும் நான்தான். மண்டக்கிப் பொரியும் மிளகாய் பஜ்ஜியும் தின்றபடி, "இந்த ஊருக்கே கலர் குடுத்தவன் நான்" என்று வருகிறவர்களிடம் சொல்வது மட்டும் அவர் வேலை.

இந்த வருஷம் அவருக்கு ஒரு ஆசை முற்றிவிட்டது. கர்நாடகம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்தன்று மேடையில் ஊரார் முன்னால் மைசூர் தலைப்பாகை வைத்துக்கொள்ள வேண்டும். கன்னடச் சங்கத் தலைவர் வேறு வாக்குக் கொடுத்திருந்தார்.

"மேடைக்குப் பின்னால பெரிய கொடி வேணும். நல்லா அடிச்சுக் குடுக்கிறவருக்கு எங்க கையாலேயே தலைப்பாகை வைப்போம்."

அன்றிலிருந்து கொட்ரப்பா கண்ணாடி முன் நின்று தலையைச் சாய்த்துப் பழகினார். வழுக்கைக்கு எண்ணெய் வேறு.

கன்னடக் கொடியில் இருப்பது இரண்டே நிறம், மேலே மஞ்சள், கீழே சிவப்பு. எங்கள் மெஷின் அதையும் ஒழுங்காகப் போடவில்லை. முதலில் சுத்தமாக வரும். கொஞ்சம் ஓடியதும் சிவப்பு மஞ்சளுக்குள் ஏறி ஆரஞ்சாகக் கலங்கும்.

"உன் டிசைன்தான் ஒழுகுது, தங்கச்சி."

"டிசைன் எப்படிண்ணா ஒழுகும்? அது என்ன ஓட்டைக் குடமா?"

ஹீட்டரைக் கூட்டினேன். மையைக் குறைத்தேன். ஃப்ளெக்ஸ் சுருளை மாற்றினேன். மை பீச்சும் ஹெட்டைக் கழுவினால் சற்று நேரம் சரியாகும், பிறகு அதே கதை. கடைசியில், ஓடாதபோது ஹெட் வந்து உட்காரும் ரப்பர் மெத்தையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். குங்குமத்தை எண்ணெயில் குழைத்து அப்பியிருந்தது. ஆயுத பூஜையன்று கொட்ரப்பா காட்டிய கைவரிசை. ஹெட் அதில் உட்காரும்போதெல்லாம் அந்தச் சகதி ஒரு மையை இன்னொன்றோடு கலந்துகொண்டிருந்தது.

"அண்ணா, இதைத் துடைச்சா போதும்."

"கையை எடு! அடுத்த பூஜை வரைக்கும் அதைத் தொடக்கூடாது. லட்சுமியைத் துடைச்சு வெளியே அனுப்பச் சொல்றியா?"

"லட்சுமிக்கு உட்கார வேற இடமே கிடைக்கலையா?"

"வாயை அடக்கு. ஆகவேண்டியதை நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்ட அழகு விழாவுக்கு முந்தின நாள் தெரிந்தது. மார்க்கெட் ரோட்டில் கடை வைத்திருக்கும் மகாந்தேஷை வாய்க்கு வாய் மைத் திருடன் என்று திட்டுவாரே, அதே மகாந்தேஷிடம் கொடியை அச்சடித்து வாங்கி, ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கினார்.

"நம்ம மெஷின்ல அடிச்சதுதான். புரிஞ்சுதா?"

கொடியை விரித்துப் போட்டு, மூக்கு உரச ஆராய்ந்தார். மஞ்சளில் சிவப்பு ஏறியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தார். ஏறவில்லை. சுருட்டிச் சங்கத்துக்கு அனுப்பினார்.

விழாவன்று முதல் வரிசையில் அவர் மனைவி புதுப் புடவையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் நிகழ்ச்சியைத் தொகுத்தவர் ஹாவேரிக்காரர், உள்ளூரில் யாரையும் அறியாதவர்.

"இந்த அழகான கொடியை அச்சடித்தவரை மேடையே கௌரவிக்கிறது!"

கொட்ரப்பா எழுந்து நடுமேடைக்கு வந்து, பழகியபடியே தலையைச் சாய்த்தார். தொகுப்பாளர் பெயருக்காகத் திரும்பிக் கொடியின் கீழ் ஓரத்தைப் பார்த்தார். எங்கள் தொழிலில் தன் கடைப் பெயரை ஓரத்தில் போடாமல் எவன் விடுவான்?

"மகாந்தேஷ் டிஜிட்டல், மார்க்கெட் ரோடு!"

கூட்டத்திலிருந்து மகாந்தேஷ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஏறி வந்தான். தலைவர் தலைப்பாகையோடு ஒரு கணம் விழித்தார். பிறகு அவன் தலையில் வைத்தார். எனக்குத் துளியும் பாவமாக இல்லை.

சாய்த்த தலையை நிமிர்த்த முடியாமல் கொட்ரப்பா அப்படியே குனிந்து மேடையில் செருப்பைத் தேடத் தொடங்கினார். செருப்பை எல்லோரும் மேடைக்குக் கீழேதான் விட்டிருந்தார்கள்.