எட்டுக்கு அடியில் இருந்த ஏழு

அந்த ரூபாய் இரண்டாம் முறை என் மேசைக்கு வருவதற்கு முன்னால், வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை பழைய வெள்ளி நாணயம் வைத்திருந்தவர்களிடையே என் சொல்லே முடிவாக இருந்தது. இதைப் பெருமைக்காக எழுதவில்லை; பின்னால் பேசப்பட்டவற்றை எடைபோட வாசகருக்கு இது தேவைப்படும். நான் கல்லூரியில் வரலாற்றுத் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவன். கருத்துச் சொன்ன எந்த நாணயத்தையும் நான் வாங்கியதில்லை, விற்றுக் கொடுத்ததில்லை, அதற்கெனக் கட்டணம் பெற்றதுமில்லை.

என்னிடம் அதிகம் வந்தவை ஆண்டு மாற்றி அடித்த நாணயங்கள். நாணயச்சாலையில் ஓர் ஆண்டின் அச்சு மீந்துவிட்டால், அதை வீணாக்காமல் கடைசி இலக்கத்தின்மேல் அடுத்த ஆண்டின் இலக்கத்தைப் பதித்துவிடுவார்கள். பழைய இலக்கம் முழுதாக மறைவதில்லை. புதியதன் ஓரத்தில் ஒரு நுனி, ஒரு வளைவு என்று எட்டிப் பார்க்கும். சேகரிப்பவர்கள் இதை ஓவர்டேட் என்பார்கள். அது அச்சிலிருந்தே வந்ததா, பின்னால் எவரேனும் ஊசியால் கீறியதா என்பதுதான் கேள்வி. அச்சிலிருந்து வந்தது வெள்ளிப் பரப்பின்மேல் மேடாக நிற்கும். விளக்கைச் சாய்த்துவைத்து நாணயத்தை மெல்லத் திருப்பினால் அந்த மேடு நிழல் தரும். கீறியதில் பள்ளம் இருக்கும். மதிப்பு முழுவதும் அந்தச் சிறு எச்சத்தில் இருக்கிறது. அது தெரியவில்லையென்றால், மற்ற ரூபாய்களைப் போல அதுவும் ஒரு ரூபாய்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு நடத்திய நண்பர் ஒருவர் இருந்தார். ஊருக்கெல்லாம் அவர் பாய், எனக்கும் அப்படியே. தம் தகப்பனாரின் பெட்டியில் கிடந்த ராணி தலை பொறித்த பழைய வெள்ளி ரூபாய் ஒன்றைக் காட்பாடியில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடைசி இலக்கம் எட்டு. அதன் மேல்வளையத்துக்கு இடப்பக்கம், நெல்லின் மூக்கு அளவுக்கு, ஏழின் மேற்கோட்டு நுனி. விளக்கைச் சாய்த்தேன், நிழல் விழுந்தது. அசல் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் விடவேயில்லை. அன்று தொடங்கிய நட்பு அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வராவிட்டால் என் மனைவி ஏன் என்று கேட்பாள்.

பாய் இளம் வயதிலிருந்து தோலைத் தரம் பிரித்தவர். பதனிட்ட தோலை மேசைமேல் விரித்துக் கட்டைவிரலை அழுத்தி இழுப்பார். உண்ணி கடித்த தடம், முள் கீறிய தழும்பு, கத்தி ஆழமாகப் பாய்ந்த இடம் எல்லாம் கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். ரூபாயையும் அவர் அப்படித்தான் பார்த்தார். வீட்டுக்கு வரும் வியாபாரிகளிடம் அதை நீட்டி, எட்டின் ஓரத்தில் விரல் வைத்து இழுக்கச் சொல்வார். வந்தவர்களும் தோல்காரர்கள், லென்ஸ் வேண்டுமென்று கேட்டவர் எவருமில்லை. காட்டுவதற்கு முன், தோல் ஷாப்பிலிருந்து கொண்டுவந்த மெல்லிய தோல் துண்டால் அதை ஒருமுறை அழுத்தித் துடைப்பார். மெருகேற்றும் இயந்திரத்தின், எதையும் தேய்த்து வழவழப்பாக்கும் எமரித் தூள் அந்தத் துண்டில் படிந்திருக்கும்.

ஓரத்தைப் பிடியுங்கள், முகத்தைத் தொடாதீர்கள் என்று பலமுறை சொன்னேன்.

“கண்ணால மட்டும் பாத்து எவனாவது தோல் வாங்குவானா சார்? காலேஜ்ல வேணா அப்படி வாங்குவீங்க போல” என்று சிரித்தார்.

பல ஆண்டுகள் கழித்து அவருடைய மகனுக்குப் பேரணாம்பட்டில் பெண் நிச்சயமானது. மணமகன் மணமகளுக்குத் தரும் மஹரில் பவுனோடு அந்த ரூபாயும் சேரும், இந்த ஜில்லாவிலேயே அப்படி வேறொன்று இல்லை என்று நிச்சயதார்த்தத்தன்று பாய் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பெண்ணின் தாய்மாமன் நிதானமானவர். நிக்காஹ் சபையில் மஹரை வாசிக்க வேண்டியிருப்பதால், பேராசிரியர் ஒரு வார்த்தை எழுதித் தந்தால் நன்றாக இருக்கும் என்றார். பாய் மகிழ்ச்சியோடு சம்மதித்து, அவரைத் தாமே அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“எழுதுங்க சார், ஏழு இருக்குன்னு. மொதல்ல பாத்ததே நீங்கதானே.”

லென்ஸை எடுத்து விளக்கைச் சாய்த்தேன். நிழல் விழவில்லை. விளக்கை மறுபக்கம் வைத்துப் பார்த்தேன். சன்னலருகே கொண்டுபோயும் பார்த்தேன். எட்டின் இடப்பக்கம் மழமழவென்று இருந்தது. மயிரிழை போன்ற கீற்றுகள் ஒரே திசையில் ஓடின. பாய் ரூபாயைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய், அன்னிக்கு நான் பாத்தப்ப ஏழு இருந்தது. அது நெஜம். இப்ப தேஞ்சு போச்சு. இனிமே பாக்கறவங்களுக்கு இது சாதாரண ரூபாய்தான்.”

அவர் ரூபாயை வாங்கி எட்டின்மேல் கட்டைவிரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

“இருக்கே சார். வெரல்ல தெரியுதே.”

தாய்மாமனிடம் நீட்டினார். அவரும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு மிகத் தணிந்த குரலில், “இன்னா பாய் இப்ப, பவுனே ஜாஸ்தி. மஹர அதோட வெச்சுக்கலாம், விடுங்க” என்றார். அவர் ஏளனம் செய்திருந்தால் பாய் சண்டை போட்டிருப்பார். ரூபாயைத் தோல் துண்டில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். காப்பி குடிக்கவில்லை.

முன்பு பார்த்ததை வைத்து எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். மஹர் அந்தப் பெண்ணின் உடைமை. இல்லாத ஒன்றை அவளுடைய உடைமையென்று நான் எழுதித் தர முடியாது என்றேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

திருமணத்துக்கு எனக்கு அழைப்பு வந்தது. பாய் கொண்டுவரவில்லை, வேறொருவர் வந்து தந்தார். போனேன். முன்வரிசையில் உட்காரவைத்து, என்னைக் கவனிக்க ஓர் ஆளையும் நிறுத்தியிருந்தார்கள். பாய் மட்டும் என் பக்கம் வரவில்லை. அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் காட்பாடிக்கு வருவது நின்றது. நானும் ஆம்பூருக்குப் போகவில்லை. யார் முதலில் பேசுவது என்று இருவரும் காத்திருந்தோம் என்று நினைக்கிறேன்.

வேலூரில் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், உங்களைக் கேட்கிறார் என்று அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னபோது, சட்டையை மாற்றாமல் ஆட்டோ பிடித்தேன். பாய் பாதியாகியிருந்தார். அவருடைய கட்டைவிரல் போர்வையின் ஓரத்தை அழுத்தி இழுத்துக்கொண்டே இருந்தது.

“சார், நீங்க பாத்தீங்கல்ல?”

“பாத்தேன் பாய்.”

“அவன்கிட்ட சொல்லுங்க.”

கட்டிலருகே நின்ற மகனிடம், ஏழு இருந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். அவன் தலையாட்டினான், பார்வை சலைன் பாட்டிலில் இருந்தது. அவன் அதை நம்பினானா, தகப்பனாரின் ஆறுதலுக்காகத் தலையாட்டினானா என்று எனக்குத் தெரியாது. நான் மறுபடி போவதற்குள் பாய் போய்விட்டார். ஆம்பூரில் அடக்கத்தின்போது மற்றவர்களோடு நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

இப்போது சேகரிப்பாளர்களின் கைப்பேசிக் குழுவில் எழுதுகிறார்கள்: பாயின் ரூபாயை நான் போலி என்று தள்ளினேனாம், அதைக் குறைந்த விலைக்குத் தட்டிக்கொள்ளப் பார்த்தேனாம், என்னால் அந்தக் கல்யாணமே நின்றுபோக இருந்ததாம்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. அந்த ரூபாயை நான் விலைக்குக் கேட்கவில்லை. அதைப் போலி என்று எவரிடமும் சொல்லவில்லை. தேய்ந்துவிட்டது என்று சொன்னேன்.